இழுப்பறையில் செத்த மசோதா

சட்டமன்ற உறுப்பினர் வெர்லின் ஸ்ட்ராட்மனிடம் கேள்வி கேட்க வேண்டுமானால் அட்டையில் எழுதித்தான் தர வேண்டும். அயோவாவில் எங்கள் ஊர் வழக்கம் அது. மாதம் ஒரு சனிக்கிழமை காலை நூலகக் கூடத்தில் அவன் தொகுதிக்காரர்களைச் சந்திப்பான்; காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் இருக்கும். கூட்டத்தை நடத்தும் வங்கி மேலாளர் அட்டைகளைப் புரட்டி, தனக்குப் பிடித்தவற்றை மட்டும் வாசிப்பார். நான் மூன்று அட்டைகள் எழுதிக் கொடுத்தேன். மூன்றிலும் ஒரே கேள்வி: பன்றிக் கொட்டகை மசோதா என்ன ஆயிற்று? கிணற்றில் போட்ட கல்தான்.

முந்தின நாளோடு கெடு முடிந்திருந்தது. அதற்குள் சட்டமன்றக் குழு விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளாத மசோதா அந்த வருடத்துக்குச் செத்த மாதிரி. பன்றிக் கொட்டகை எங்கே வரலாம் என்பதைக் கவுண்டியே, அதாவது அந்தந்த மாவட்டமே, முடிவு செய்யலாம் என்ற மசோதா, குழுத் தலைவர் வெர்லினின் இழுப்பறையில் ஆறு வாரம் கிடந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அவன் கூட்டமே கூட்டவில்லை. இனி எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டாயிரத்து நானூறு பன்றிகள் வரும். என் கணவர் டுவேன் ஏற்கெனவே மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு நடமாடுகிறார்.

இதே வெர்லின் எட்டு வருடம் எங்கள் கவுண்டி சபையில் இருந்தவன். சாலையில் பள்ளம் என்று போன் செய்தால் போதும், பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். இதே மாதிரி ஒரு கொட்டகை அப்போதும் வரப் பார்த்தது. சபைக்கு அதிகாரம் இல்லாவிட்டாலும், எழுந்து முழங்கியே அந்தக் கம்பெனியைப் பின்வாங்க வைத்தவன் அவன். அந்தப் பேச்சுதான் அவனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவனுடைய தேர்தல் கடிதங்களுக்கு என் கையால் தபால்தலை ஒட்டினேன். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மேலாளர் கூட்டத்தை முடிக்கப் போனபோது எழுந்தேன்.

"ஆர்டித், கேள்வியை அட்டையில எழுதிக் குடுத்துடும்மா."

"கேள்வி இல்லைங்க. இவன் சொன்னதை இவனுக்கே வாசிச்சுக் காட்டப் போறேன்."

இருபத்தாறு வருடம் கவுண்டி அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதியவள் நான். பையிலிருந்து அவனுடைய அந்தப் பேச்சுக் குறிப்பின் நகலை எடுத்தேன்.

"'இங்க மூச்சு விடுறது நாம. தலைநகர்ல உக்காந்திருக்கிறவன் யாரு நமக்குச் சொல்ல?' இதைச் சொன்னது வெர்லின் ஸ்ட்ராட்மன். எழுதினவ நான். கீழே கையெழுத்துப் போட்டவன் நீ."

வெர்லின் சிரித்தான். "அப்ப கவுண்டிக்காகப் பேசினேன், ஆர்டித். இப்ப மாநிலம் முழுசையும் பாக்கணும்ல. அது சரி, டுவேன் எப்படி இருக்கான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைக் கேட்டு என்ன பயன் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

கார் நிறுத்தும் இடத்துக்கு வெர்லின் என் பின்னாலேயே வந்தான். தன் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியை இறக்கி, வெளியே நின்ற என்னிடம் குரலைத் தாழ்த்தினான்.

"அதைக் கூட்டத்துல வச்சிருந்தா கட்சியில என் குழுத் தலைவர் பதவியைப் பிடுங்கியிருப்பாங்க. அப்புறம் உங்களுக்கெல்லாம் நான் என்னத்தைப் பண்ண முடியும்?"

"இப்ப என்னத்தைப் பண்ணிட்ட?"

வாயைத் திறந்தான். அதற்குள் தெற்கிலிருந்து காற்று திரும்பியது. இரண்டு மைல் தள்ளி, பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் கொட்டகையின் நாற்றம் நிறுத்துமிடம் முழுக்க வந்து இறங்கியது. வெர்லின் மூக்கைச் சுளித்துக்கொண்டு கார்க் கண்ணாடியை ஏற்றினான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் உதடுகள் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தன.