பார்வதி என்ற பெயரில்

காதல் என்று ஒன்று இருப்பதாகப் பெருமாள்சாமிக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தும் இருபதுக்கு மேல் காதல் நாவல் எழுதி முடித்துவிட்டார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சந்தையில் வாய் கிழிய விலை பேசுகிற தரகன் எல்லாம் வீட்டில் மாடு கட்டியா வைத்திருக்கிறான்?

மாட்டுத் தரகுதான் அவர் தொழில். குருவிகுளம் பக்கம் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கல்யாணத்துக்குப் பிறகு சங்கரன்கோவிலில் குடியேறினார். ஒரு தடவை சந்தைக்குப் போகிற பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன மாத நாவல் ஒன்று சீட்டில் கிடந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் அவருக்குக் கோபம்தான் வந்தது. பொய் சொல்கிறவன் இவ்வளவு மட்டமாகவா சொல்வான், நான் சொன்னால் இதைவிடத் திருத்தமாகச் சொல்வேனே என்று வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தார்.

தொழிலில் கற்றதைத்தான் கதையிலும் போட்டார். கதாநாயகியை ஒரேயடியாகப் புகழக்கூடாது. மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் எடுத்த எடுப்பில் புகழ்ந்தால் வாங்க வந்தவன் நழுவிவிடுவான். "கொம்பு கொஞ்சம் கோணல், மொதல்லயே சொல்லிருதேன்" என்று ஒரு குறையை நாமே எடுத்துப் போட்டால், "கொம்பு கெடக்கு வே, காலைப் பாரும்" என்று அவனே புகழ ஆரம்பிப்பான். அதனால் பெருமாள்சாமியின் கதாநாயகிகளில் ஒருத்திக்குத் தெத்துப்பல், ஒருத்திக்கு முன்கோபம், இன்னொருத்திக்கு ஆம்பிளைக் குரல். படிக்கிற பெண்கள் அவர்கள் மேல் உயிரையே வைத்தார்கள்.

கதைக்கு விஷயம் வேண்டும் என்றால் காலையில் பூ மார்க்கெட்டுக்குப் போய் நிற்பார். யார் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுக்கமாட்டார். வாய் சொல்வதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கையைத்தான் பார்ப்பார். பிச்சிப்பூ வாங்குகிறவன் பொட்டலத்தைக் காய்கறிப் பையில் வெங்காயத்தோடு திணித்தால் அது பெண்டாட்டிக்கு. நசுங்காமல் தனியாகப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தால் அது வேறு யாருக்கோ. ஒருநாள் ஒருத்தன் அப்படித் தனியாகப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்து, சந்தேகத்தில் பின்னாலேயே போனார். அவன் நேரே தன் வீட்டுக்குத்தான் போனான். பெருமாள்சாமிக்கு மகா ஏமாற்றம். ஆனால் அதிலேயே ஒரு நாவல் கிடைத்துவிட்டது.

முதல் நாவலை மதுரைக்கு அனுப்பியபோது பதிப்பாளர் சங்கரசுப்பிரமணியன் போனில் பேசினார்.

"கதை பிரமாதம் அண்ணாச்சி. ஆனா ஆம்பள பேருல காதல் நாவல் விக்காது. வீட்டுல அம்மா பேரு என்ன?"

"பார்வதியம்மாள்."

"அம்மாள வெட்டிட்டு பார்வதின்னு போட்டுருவோம். ஒண்ணு மட்டும் சொல்றேன். எழுதுறது மாட்டுத் தரகருன்னு வெளிய தெரிஞ்சா, அன்னைக்கே பார்வதிக்கு பால் ஊத்திர வேண்டியதுதான்."

சரி என்று சொல்லிவிட்டார். பெண்டாட்டி பார்வதியம்மாளிடம் கேட்கவில்லை. பேர் என்ன தேய்ந்தா போகும் என்பது அவர் எண்ணம்.

அவருடைய கையெழுத்து அவருக்கே சில நாள் பிடிபடாது. அதனால் அவர் எழுதிப் போட்டதைப் பத்தாவது வரை படித்த பார்வதியம்மாள்தான் பிரதி எடுத்து, உறையில் போட்டுத் தபாலில் சேர்ப்பாள். அச்சாகி வந்த புத்தகத்தைப் பெருமாள்சாமி அட்டையைப் பார்ப்பதோடு சரி, பிரிக்கமாட்டார். கயிறு கை மாறியபிறகு விற்ற மாட்டைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் தரகர்களிடம் கிடையாது. பார்த்தால் மாடும் கத்தும், வாங்கினவனுக்கும் சந்தேகம் வரும். அதே வழக்கத்தை அவர் நாவலுக்கும் வைத்துக்கொண்டார். மாட்டுக்குச் சரி. புத்தகத்துக்கு அது எவ்வளவு பெரிய தப்பு என்று கடையநல்லூரில்தான் தெரிந்தது.

கடையநல்லூரில் ரூபியா என்று ஒரு பெண். அவள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில். பெண்கள் மாதம் ஒருநாள் அவள் வீட்டில் கூடி, படித்த நாவலைப் பற்றிப் பேசுவார்கள். எழுத்தாளர் பார்வதியை அழைத்துவர வேண்டும் என்று சங்கரசுப்பிரமணியனை நச்சரித்து, அவரும் பக்கத்து ஊர்தானே என்று ஒத்துக்கொண்டுவிட்டார்.

பஸ்ஸில் போகும்போது பெருமாள்சாமி, எழுத்தாளராக வேஷம் கட்டிய பெண்டாட்டிக்குப் பாடம் நடத்தினார்.

"எப்படி எழுதுதியன்னு கேட்டா, கோமதியம்மன் அருள்னு சொல்லிரு."

"துலுக்க வீட்டுல போயி கோமதியம்மனா?"

"சரி, ஆண்டவன்னு பொதுவாச் சொல்லு. கதை எங்க இருந்து வருதுன்னு கேட்டா, வாழ்க்கைல இருந்துன்னு சொல்லு."

"அதுக்கு மேல கேட்டா?"

"இருமு."

பார்வதியம்மாள் சிரித்தாள். பெருமாள்சாமிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. வாய் தவறி ஒரு வார்த்தை விட்டால் பார்வதி என்ற பெயரோடு அவர் எழுத்துப் பிழைப்பும் போய்விடும். இவள் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி பிச்சிப்பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ரூபியா வீட்டில் பெண்கள் நடு வீட்டில் கூடியிருந்தார்கள். துணைக்கு வந்த ஆண் என்று அவரை முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நடுவில் ஒரு திரைதான். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் தட்டில் வந்தது. கேட்காமல் கொடுக்கிற பொருளில் ஏதோ காரியம் இருக்கும் என்று அவர் முகர்ந்து பார்த்தார். பிறகு முழுவதையும் தின்றார். காது மட்டும் திரைக்கு உள்ளே இருந்தது.

"எப்படிம்மா இவ்வளவு எழுதுறீங்க?" என்று ஒரு குரல்.

"ஆண்டவன் கொடுக்கான்" என்றாள் பார்வதியம்மாள்.

"கதையெல்லாம் எங்க இருந்து வருது?"

"வாழ்க்கைல இருந்துதான்."

பெருமாள்சாமி நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார். அப்போதுதான் ரூபியா வாயைத் திறந்தாள்.

"அந்த உப்பு சீன் எப்படிம்மா தோணுச்சு ஒங்களுக்கு?"

என்ன உப்பு என்று இவருக்கு விளங்கவில்லை.

"புருசனும் பொண்டாட்டியும் பேச்சுவார்த்தை இல்லாம இருக்காங்க" என்று ரூபியா மற்றவர்களுக்காகச் சொன்னாள். "அந்தாளு வாழ்நாள்ல அடுப்படிக்குள்ள கால் வச்சதில்ல. அன்னைக்கு வந்து வாசல்ல நின்னுகிட்டு, உப்பு எங்க இருக்குன்னு கேக்குறாரு. அவருக்கு உப்பு வேண்டியதில்ல. வேற என்ன பேசன்னு தெரியல. அதப் புரிஞ்சுகிட்டு அவ சிரிச்சிருவா. எங்க வீட்டுக்காரங்க ஃபாரூக் துபாய்ல இருக்காங்கம்மா. வெள்ளிக்கிழமை லீவுல நான் போன்ல ஒங்க கதைய வாசிச்சுக் காட்டுவேன். நடுவுல எங்களுக்குள்ள ஒரு மனஸ்தாபம், பேசிக்கல. திடீர்னு ஒருநாளு மெசேஜ் வருது, உப்பு எங்க இருக்குன்னு. அங்க துபாய்ல இருக்குற உப்பு எனக்கு எப்படித் தெரியும். சிரிச்சுட்டேன். அல்ஹம்துலில்லா, அன்னைக்கே சரியாப் போச்சு."

உள்ளே ஒரே சிரிப்பு. முன்னறையில் பெருமாள்சாமி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். நாவல் எது என்று புரிந்துவிட்டது. தெத்துப்பல்காரி கதை. அவர் எழுதியதில் கதாநாயகன் திருநெல்வேலிக்குப் போய் அரக்குக் கலரில் பட்டுச்சேலை எடுத்து வருகிறான், அவள் அழுதுகொண்டே அவன் மார்பில் சாய்கிறாள். அந்தச் சேலைக்குக் கரை என்ன கலர் என்று யோசிக்கவே அவருக்கு ஒரு நாள் ஆயிற்று. உப்பு எங்கிருந்து வந்தது?

"எங்க வீட்டுல ஒருத்தரு இருக்காவ" என்று பார்வதியம்மாள் ஆரம்பித்தாள். "கல்யாணம் ஆனதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் உப்பு எந்த டப்பால இருக்குன்னு அவியளுக்குத் தெரியாது."

பெருமாள்சாமிக்கு வாயை அடக்கிப் பழக்கமில்லை. யோசிப்பதற்குள் வார்த்தை வந்துவிட்டது.

"அது என் கதையில்ல. நான் சேலைல்லா எடுத்துக் கொடுத்தேன்."

சொன்னது என்ன என்று அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. பெண்டாட்டியின் வாய்க்கு வரப்புக் கட்டிவிட்டு வந்தவர், சொந்த வாயால் உடைத்துக்கொண்டார்.

பார்வதியம்மாள் அங்கே இருந்தபடியே பதில் சொன்னாள்.

"எடுத்துக் கொடுத்திய. நான்தான் பிரதி எடுக்கையில அடிச்சுட்டேன்."

"ஏன் அடிச்ச?"

"சேலை எடுத்துக் கொடுத்தா கோவம் போயிருமா? கோவத்தோட ஒரு சேலையும் இருக்கும், அவ்வளவுதான்."

ரூபியா எழுந்து வந்து திரையை விலக்கினாள். அத்தனை கண்ணும் இவர் மேல். கையில் காலித் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப எழுதுறது நீங்களா அண்ணாச்சி?"

இனி மறைத்து என்ன. "ஆமா. மாட்டுத் தரகன். படிப்பு அஞ்சாப்பு. காதலப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாது."

"தெரியாமலா இவ்வளவு எழுதுனீங்க?"

"சந்தையில துண்டப் போட்டு மூடிக்கிட்டு, உள்ள வெரலப் பிடிச்சு வெல பேசுவோம். மூஞ்சி எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கும், வெரலு வேற கணக்குச் சொல்லும். ஆம்பளையும் பொம்பளையும் பேசுறதும் எனக்கு அப்படித்தான் தெரியுது. அத எழுதுதேன். நீங்க அழுதா அதுக்கு நான் பொறுப்பில்ல."

இனி இவர்கள் புத்தகத்தைத் தூக்கி எறிவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள்.

"எங்களுக்கு முன்னாடியே ஒரு சந்தேகம் அண்ணாச்சி" என்றாள் ரூபியா. "ஒங்க கதாநாயகிங்க யாருமே ஏனம் கழுவ மாட்டாங்க. பக்கம் பக்கமா மொட்டை மாடில நின்னுகிட்டு இருப்பாங்க. திடீர்னு ஒரு பக்கத்துல அடுப்படிப் பிசுக்கு, தலைவலி, மூட்டுவலி எல்லாம் வரும். எழுதுறதுல ரெண்டு கை இருக்குன்னு பேசிக்குவோம். அக்கா தங்கச்சின்னு நெனச்சோம்."

"இனிமே வாங்குவியளா, மாட்டியளா? அதச் சொல்லு தாயி."

"வாங்காம? ஆனா ஒண்ணு கேக்கணும். அட்டைல அம்மா பேரப் போட்டிருக்கீங்களே, அம்மாகிட்ட கேட்டுத்தான் போட்டீங்களா?"

அவர் தட்டைப் பார்த்தார். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. பார்வதியம்மாள் தன் தட்டில் இருந்த வட்டிலப்பத்தை மெதுவாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். கேள்வி யாருக்கோ என்பது மாதிரி.

திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"வேற என்னெல்லாம் மாத்தின?"

"ரயில்வே ஸ்டேஷன் கதையில மாமியாரக் கொன்னுருந்திய. நான் பொழைக்க வச்சுட்டேன்."

"அவ செத்தாத்தானட்டி இவுக சேர முடியும்?"

"அவ இருக்கும்போதே சேந்தாவ. நல்லாத்தான் இருந்துச்சு."

"வேற?"

"மயக்கம் போட்டு விழுறதெல்லாம் எடுத்துட்டேன். எல்லாவளும் விழுதா."

"இத்தன வருசமா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாட்டி?"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்த வார்த்தை எங்கே போய் முட்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பார்வதியம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நல்ல காற்று.

இரண்டு நாள் கழித்து மதுரையிலிருந்து போன். கடையநல்லூர்ச் சேதி சங்கரசுப்பிரமணியனுக்குப் போயிருந்தது. அவர் கோபப்படவில்லை. அந்தத் தெருவிலேயே இந்த மாதம் கூடுதலாகப் புத்தகம் கேட்டிருக்கிறார்களாம்.

"அண்ணாச்சி, அடுத்த நாவலுக்கு அட்டை பிரஸ்ஸுக்குப் போகுது. ஒங்க பேரா, பழைய பேரா? சொல்லுங்க, அடிச்சுரலாம்."

தன் பேரை ஒரு தடவை மனதுக்குள் அட்டையில் வைத்துப் பார்த்தார். பெருமாள்சாமி. மாட்டுச் சந்தை நோட்டீஸ் மாதிரி இருந்தது.

"இரும், கேட்டுச் சொல்லுதேன்."

"யார்ட்ட கேக்கணும்?"

"பேருக்குச் சொந்தக்காரிட்ட."

போனைக் கையில் பிடித்தபடியே கொல்லைப் பக்கம் போனார். பார்வதியம்மாள் சாக்கை விரித்து, வற்றல் போட்ட மிளகாயைக் குவித்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே வந்து நின்றார். சந்தையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேசி முடித்த வாய் அது. இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டது.

"புது நாவல் வருது. ஒன் பேரப் போடலாமான்னு மதுரைல கேக்காவ."

"மதுரைல கேக்காவளா?"

"நான்தான் கேக்கேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள். பிறகு மறுபடி மிளகாயில் குனிந்தாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்."

பெருமாள்சாமி போனைக் காதில் வைத்தார். "யோசிச்சுச் சொல்லுதாளாம்."

"பிரஸ் காத்துக் கெடக்கு அண்ணாச்சி."

"கெடக்கட்டும்."

போனை அணைத்து இடுப்பில் செருகினார். யோசித்துச் சொல்கிறேன் என்று போன எவனும் சந்தையில் திரும்பி வந்ததில்லை. அந்த வார்த்தையைக் கேட்டால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போகிறவர் அவர். இங்கே போவதற்கு அடுத்த ஆள் இல்லை. போகவும் அவருக்குத் தோன்றவில்லை. சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கை மிளகாயை அள்ளித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"காம்போட விதையும் சேந்து போவுது. பாத்துக் கிள்ளுங்க" என்றாள் பார்வதியம்மாள்.

அவர் பார்த்துக் கிள்ளினார்.