சில்வண்டு பிஸ்கட்

இனிப் பயமில்லை, மூச்சு சீராக வருகிறது என்று டாக்டரம்மா சொன்னபோது, கடுகுக்கு மூச்சைவிடச் சீராகக் கோபம் வந்துகொண்டிருந்தது. சட்டென்று பொரிகிற சுபாவத்தைப் பார்த்து அவள் அப்பா சின்ன வயதில் வைத்த பெயர் அது. கல்யாணமான பிறகு புகுந்த வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்கவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவின் குறுகலான கட்டில். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு. கழுத்திலும் முழங்கையிலும் எழும்பிய தடிப்புகள் இன்னும் அடங்கவில்லை. கட்டிலின் ஒரு பக்கம் கணவன். மறுபக்கம் அவனுடைய அக்கா, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"பிஸ்கட்" என்றாள் கடுகு. குரல் கரகரத்தது. "இவங்க புதுசா செஞ்சு விக்கப்போறது. ஒண்ணரை பிஸ்கட்தான்."

"உங்களுக்கு இறால் ஆகாதுன்னு பழைய சீட்டுல இருக்கு. பிஸ்கட்ல என்ன போட்டிருந்தாங்க?"

கணவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள். கடுகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தனக்குத் தெரியாத ஒன்று இவர்கள் இருவருக்கும் தெரியும் என்பது அவளுக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது.

"சில்வண்டு மாவு" என்றான் கணவன், கேட்டும் கேட்காததுமாக. "பண்ணையில வளர்த்து, காய வச்சு அரைக்கிறது. ரொம்பச் சுத்தம். அதுல இறால் துளிகூட இல்ல, டாக்டர்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். "சார் என்ன வேலை பாக்கிறீங்க?"

"வாத்தியார்."

"என்ன பாடம்?"

கடுகு முந்திக்கொண்டாள். "விலங்கியல். பசங்க இவருக்கு வச்ச பேரே கணுக்கால். கணுக்காலிகள் பாடத்தை இவரை மாதிரி யாரும் நடத்த முடியாதாம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இறாலோட தசையில இருக்கிற ஒரு புரதம்தான்மா உங்களுக்குச் சேராதது. கிட்டத்தட்ட அதே புரதம் சில்வண்டுலயும் உண்டு. அடுப்புல வச்சாலும் அழியாது. இறால் ஆகாத எல்லாருக்கும் இப்படி வரும்னு இல்ல. யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்லவும் முடியாது. அதனால நீங்க தொடவே கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அன்று மத்தியானம் நடந்ததைக் கடுகு படுத்தபடியே மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நாத்தனாரின் சமையலறை. மேடை நிறைய, ஆறுவதற்காகப் பரப்பிய பிஸ்கட்டுகள். "கண்ணை மூடிக்கிட்டுத் தின்னு. என்ன மாவுன்னு கண்டுபிடி பாக்கலாம்" என்று நாத்தனார் ஒன்றை வாயிலேயே ஊட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. "நிலக்கடலையா? எள்ளா?" என்று கேட்டபடி கடுகு அடுத்ததைக் கடித்தாள். ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்ற கணவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் உடம்பெல்லாம் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் நாக்கு அரித்தது, காது சூடானது, தொண்டைக்குள் யாரோ துணியைத் திணித்த மாதிரி இருந்தது. அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஜாடை காட்டியபோது அவன் என்ன சொன்னான்? "ஒண்ணுமில்ல, தண்ணி குடி. அதுல இறால் இல்லியே." அதையே இரண்டு மூன்று தடவை சொன்னான். அவள் உதடு வீங்கிய பிறகுதான் கார் சாவியைத் தேடினான்.

இத்தனைக்கும் கெட்ட மனிதனில்லை. கல்யாணமான புதிதில் ஒரு விருந்தில் இறால் சாப்பிட்டு அவள் விழுந்தபோது, தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான். இறால் என்றால் உயிரை விடுகிறவன், அன்றைக்கு இறாலையே விட்டதுதான். யாரும் கேட்காமலே விட்டான். அப்படிப்பட்டவன் இப்படிச் செய்தான் என்பதுதான் அவளால் விழுங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் வீட்டில் அவன் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தான். அவள் தொடவில்லை. கூடத்து அலமாரியைத் திறந்தாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இடமில்லாமல் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த கண்ணாடி ஜாடிகள் அதில் இருந்தன. மேல்தட்டில் இறாலும் நண்டும். அதற்குக் கீழே வெட்டுக்கிளி, சில்வண்டு, வண்ணத்துப்பூச்சி. அதற்கும் கீழே தேளும் சிலந்தியும். கடைசித் தட்டில் பூரான், மரவட்டை. ஒவ்வொரு தட்டிலும் அவன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. இறால் ஜாடியையும் சில்வண்டு ஜாடியையும் எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில், கஞ்சிக்குப் பக்கத்தில், டக் டக்கென்று வைத்தாள்.

"உக்காருங்க, கணுக்கால் சார். உங்களுக்கு இன்னிக்கு வாய்மொழித் தேர்வு."

"கடுகு, உடம்பு சரியாகட்டும்..."

"கணுக்காலிகளோட பொதுப் பண்புகள் என்ன?"

அவன் பெருமூச்சு விட்டான். ஆனால் கேள்வி என்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாதவன். "மூட்டு மூட்டா இருக்கிற கால்கள். உடம்புக்கு வெளியில கைட்டின் ஓடு. கண்டம் கண்டமா பிரிஞ்ச உடல். வளரும்போது அந்த ஓட்டைக் கழட்டிப் போட்டுப் புதுசு போட்டுக்கும்."

"இறாலுக்கு மூட்டுக்கால் இருக்கா?"

"இருக்கு."

"சில்வண்டுக்கு?"

"இருக்கு."

"ஓடு? கண்டம்? ஓடு கழட்டுறது?"

"ரெண்டுக்கும்தான்."

"இவ்வளவு ஒத்துப்போற ரெண்டை, என் தொண்டை மட்டும் எப்படிங்க பிரிச்சுப் பாக்கும்?"

அவன் ஜாடிகளைப் பார்த்தபடி இருந்தான். "நான் வகுப்பு வகுப்பா பிரிச்சே சொல்லிக்குடுத்துப் பழகிட்டேன். இது பூச்சி, ஆறு கால். அது ஓட்டுடலி, ரெண்டு ஜோடி உணர்கொம்பு. வித்தியாசம் எழுதுன்னுதான் பரீட்சையில கேப்பாங்க. ஒற்றுமையை முதல் பக்கத்துல ஒரு தடவை சொல்லிட்டுத் தாண்டிடுவோம். இறால் ஒரு தட்டு, சில்வண்டு ஒரு தட்டு. என் மூளையும் அப்படியே ஆயிடுச்சு."

"அதை மன்னிச்சிடலாம். மறதி எல்லாருக்கும் வரும்." அவள் குரல் இறங்கியது. இறங்க இறங்கத்தான் அவனுக்குப் பயம் கூடும் என்று அவளுக்குத் தெரியும். "அது பூச்சின்னு தெரிஞ்சுதானே என்னைத் தின்னவிட்டு வேடிக்கை பாத்தீங்க? வாயில போடுறது என்னன்னு என்கிட்ட சொல்றதுக்கு உங்களுக்கு யாரு தடை போட்டா?"

"அக்காதான், சொன்னா முகம் சுளிப்பா, தின்னதுக்கப்புறம் சொல்லலாம்னு..."

"அக்கா சொன்னா."

"விளையாட்டாத்தான், கடுகு."

"என் தொண்டை உங்க ரெண்டு பேருக்கும் விளையாட்டு மைதானமா?"

சாயங்காலம் நாத்தனார் வந்தாள், பழக்கூடையோடும் அச்சாகி வந்த பிஸ்கட் பெட்டிகளோடும். பழக்கூடை மேசையில் இருந்தது. பேச்சு முழுக்கப் பெட்டியைப் பற்றியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சிறு தொழில் கண்காட்சியில் கடை போடுகிறாள். பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சில்வண்டு மாவு என்று போட்டிருந்தது. முன்பக்கத்தில் கணவனின் சிரித்த முகம். 'விலங்கியல் ஆசிரியரின் பரிந்துரை. எல்லோருக்கும் ஏற்றது.'

"அக்கா, இதுல இன்னொரு வரி சேக்கணும்" என்றாள் கடுகு. "இறால், நண்டு ஆகாதவங்க சாப்பிடக் கூடாதுன்னு. அப்புறம், வர்றவங்களுக்கு ஊட்டிட்டுச் சொல்ற அந்த விளையாட்டு வேண்டாம். சொல்லிட்டுக் குடுங்க."

"பூச்சின்னாலே ஓடுறாங்க. அதுக்கு மேல ஆபத்துன்னு வேற ஒட்டினா, கடையில நானும் என் நிழலும்தான் நிக்கணும். முதல்ல ருசி, அப்புறம்தான் பேரு. அதுதான் வியாபாரம். உன் ஒருத்தி உடம்பு வாகுக்காக ஊரையே பயமுறுத்தச் சொல்றியா?"

"நான் ஒருத்திதான்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"பாரு தம்பி. இறாலை உன்னை விடவச்சா. இப்போ என் தொழிலையும் விடவைக்கப் பாக்கிறா."

இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "பாத்துக்கலாம்."

கடுகு வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். லென்ஸை அளவுக்குத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். இம்மி பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அங்கே யாரும் பாத்துக்கலாம் என்று சொல்லி ஒரு கண்ணாடியை வெளியே அனுப்பியதில்லை. அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவன் இஸ்திரி போட்ட சட்டையில் முன்னாலேயே கிளம்பிவிட்டான். கடுகு பின்னால் தனியாகப் பஸ் பிடித்துப் போனாள்.

கண்காட்சிக் கூடம் ஜேஜே என்று இருந்தது. மெழுகுவர்த்திக் கடைக்கும் துணிப்பைக் கடைக்கும் நடுவில் நாத்தனாரின் மேசை. தட்டில் சின்னத் துண்டுகளாக ஒடித்த பிஸ்கட். "கண்டுபிடிங்க, என்ன மாவு? சரியாச் சொன்னா ஒரு பெட்டி இனாம்." சுற்றிலும் சிரிப்பு, நீளும் கைகள். பக்கத்தில் கணவன், பெட்டியில் இருந்த அதே முகத்தோடு. ஆனால் சிரிப்பைக் காணோம்.

கடுகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தட்டுக்கு முன்னால் நின்றாள். கை நீட்டியவரிடமெல்லாம் கேட்டாள். "இது சில்வண்டு மாவு. இறால், நண்டு சாப்பிட்டா உங்களுக்கு ஏதாவது பண்ணுமா? பண்ணாதுன்னா சாப்பிடுங்க."

ஒரு பெண் முகத்தைச் சுளித்துக் கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு கல்லூரிப் பையன்கள், "சில்வண்டா? குடுங்க, குடுங்க" என்று ஆளுக்கு இரண்டாக எடுத்தார்கள்.

நாத்தனார் பல்லைக் கடித்தாள். "வீட்டுச் சண்டையைச் சந்திக்குக் கொண்டுவராதே. நகரு."

"நகர மாட்டேன்."

"தம்பி, உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போ."

அவன் ஓரடி முன்னால் வந்தான். அவன் கை தன் தோளில் பட்டால் என்ன செய்வது என்று கடுகு தீர்மானித்து வைத்திருந்தாள். அதற்குள் தொப்பையும் தொப்பியுமாக ஒரு பெரியவர், மேசையின் மறுமுனையில் ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனபடி சிரித்தார். "நண்டுன்னா எனக்கு உதடு பலூன் மாதிரி ஆயிடும்மா. மத்தபடி இரும்பைக்கூடத் தின்பேன்."

கணவனின் கை கடுகின் தோளுக்கு வரவில்லை. மேசையைத் தாண்டி நீண்டு, பெரியவரின் விரல்களிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கியது.

"சாப்பிடாதீங்க, ஐயா." கூடத்தில் நாலு கடைக்குக் கேட்டது. வகுப்பறையில் கடைசி பெஞ்சு வரை போகிற குரல். "நண்டும் சில்வண்டும் வேற வேற வகுப்பு. ஆனா ஒரே தொகுதி. ரெண்டும் கணுக்காலிதான். ஒண்ணு ஆகலைன்னா இன்னொண்ணும் ஆகாமப் போகலாம். இந்தப் பெட்டியில எல்லாருக்கும் ஏற்றதுன்னு என் படத்தோட போட்டிருக்கு. அது தப்பு. என் பொண்டாட்டிக்கு இதைச் சொல்லாமக் குடுத்தோம். அவ மூச்சு நிக்கப் பாத்துச்சு."

பெரியவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாத்தனாரின் முகம் சிவந்தது. "சொந்த அக்கா முதுகுல குத்திட்டியேடா. நீயே வித்துக்கோ" என்று தட்டை அவன் கையில் திணித்துவிட்டு, மேசைக்குப் பின்னால் முக்காலியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அவன் ஒரு அட்டையைக் கிழித்து, 'சில்வண்டு மாவு. இறால், நண்டு ஆகாதவர்கள் சாப்பிடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தட்டுக்கு முன்னால் சாத்தி வைத்தான். எழுதி முடித்துக் கடுகைப் பார்த்தான், பரிசு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி.

அவளுக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது. "யாரோ ஒருத்தர் உதட்டுக்காகப் பறந்த கை, என் தொண்டை அடைச்சப்போ சாவியைத் தேடிக்கிட்டு இருந்துச்சு."

"தப்புதான்."

"தப்புன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கலாம். முந்தாநாள் அக்கா முன்னாடி சொல்லியிருக்கலாம். பாத்துக்கலாம்னு சொன்னீங்களே."

அவன் தலை குனிந்தான். துணிப்பைக் கடைக்காரி வேலையை விட்டுவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடுகு அவளை ஒரு முறை முறைத்ததும் பைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"நான் கிளம்பறேன்" என்றாள் கடுகு. "நீங்க கூட்டம் கலையிற வரைக்கும் இங்கேயே நின்னு ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டுக் குடுங்க. அக்காவைத் தனியா விட்டுட்டு வராதீங்க. அவங்களும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க."

முக்காலியில் இருந்த முதுகு லேசாக அசைந்தது. திரும்பவில்லை.

"கோபம் போயிடுச்சா?" என்று அவன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அது இப்போதைக்குப் போகாது. வீட்டுக்கு வாங்க, இன்னும் நிறைய பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.