பூசாத நாளின் வாசனை

கலிஃபோர்னியாவின் பிளசன்டனுக்குக் குடிவந்த ஆறாவது வருடம், ஃபைஸின் நாற்பத்தொன்றாவது பிறந்தநாளுக்கு மனைவி மஹா ஒரு சென்ட் புட்டி வாங்கித் தந்தாள். அதுவரை அவன் சென்ட் அடித்துக்கொள்கிற ஆள் இல்லை. கடைகளில் முகர்ந்து பார்த்ததெல்லாம் ஒன்று தித்திக்கும், இல்லையென்றால் தலையை வலிக்கச் செய்யும். இது வேறாக இருந்தது. அடித்ததும் முதலில் பச்சை வரும். மாங்காய்க் காம்பைக் கிள்ளினால் வருமே, அந்தக் கூர்மை. ஃப்ரீமான்ட்டில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது அடங்கிவிடும். பிறகு மரத்தூளும் நனைந்த வெட்டிவேரும் கலந்ததுபோல ஒன்று காலருக்குள்ளிருந்து எழும். தலையைத் திருப்பினால் தெரியும், மறுபடி மறைந்துவிடும். அதை அடித்துக்கொண்ட நாட்களில் மீட்டிங்கில் தன் குரல் கொஞ்சம் நிதானமாக வருவதாக அவனுக்குத் தோன்றியது. மஹாவிடம் சொன்னதற்கு அவள் சிரித்தாள். ஆனால் அவன் கடந்து போகும்போதெல்லாம் அவள் ஒரு கணம் நிற்பதையும் அவன் கவனித்திருந்தான்.

மார்ச் மாதம் அலுவலகத்தில் ஒரு மெயில் வந்தது. அந்தத் தளத்தில் ஒருவருக்கு ஆஸ்துமா, யாரும் வாசனைத் திரவியம் போட்டுவர வேண்டாம் என்று. அன்றிலிருந்து வார நாட்களில் அவன் புட்டியைத் தொடவில்லை. அலுவலகம் போகாத நாட்களில் மட்டும் அடித்துக்கொண்டான்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அவனுக்குக் குழப்பமாக இருந்தது. குழுவின் வாராந்திரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அதே வாசனை. ஆனால் தலைகீழாக. மரம் முதலில் வந்தது, அதன் பிறகு பச்சை, பச்சைக்கு மேல் பச்சையாக ஏறி மூக்கை அடைத்தது. கூடவே ஒரு பயம். எதையோ பார்த்து வந்த பயமில்லை. அடிவயிற்றில் கிளம்பித் தொண்டைக்கு ஏறியது. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் திரையில் இருந்த படம் மாறியிருந்தது. எப்போது மாறியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த கதிர், கோயம்புத்தூர்க்காரன், கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டான்.

"உங்ககிட்ட மேனேஜர் ரெண்டு தடவை கேட்டாருங்க. நீங்க பேசவே இல்ல. தூக்கம் சரியில்லையா?"

ஃபைஸ் தனக்கு ஏதோ வாசனை வந்ததாகச் சொல்லி, அவனுக்கும் வந்ததா என்று கேட்டான். கதிர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, கார்பெட் வாசனைதான் வருகிறது என்றான்.

அடுத்த பத்து நாட்களில் அது மூன்று முறை வந்தது. குளியலறையில் ஒரு முறை, கடையில் பால் எடுக்கும்போது ஒரு முறை, தொழுகைக்கு நிற்கையில் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் பயம்தான் முந்தி வருகிறதா, வாசனையா என்று அவனால் பிரிக்க முடியவில்லை. துணிகளில் ஒட்டியிருக்கும் என்று எல்லாச் சட்டைகளையும் இரண்டு தடவை துவைத்தான். கார் சீட்டுகளைத் துடைத்தான். கடைசியில் மஹா வெளியே போயிருந்த நேரத்தில் புட்டியைப் பையில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டான். வியாழன் காலை குப்பை லாரி அதைத் தூக்கிக் கவிழ்ப்பதை ஜன்னலில் நின்று பார்த்தான். லாரி தெருமுனை திரும்பியது. அவன் நின்ற இடத்திலேயே, மரம் முதலில் வந்தது.

இது ஜின்னின் வேலையோ என்று அன்று அவனுக்குத் தோன்றியது. இரண்டு டிகிரி படித்தவன், வெட்கத்தோடு, காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதித் தன் நெஞ்சில் தானே ஊதிக்கொண்டான்.

மஹாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மதிய இடைவேளையில் காருக்குள் உட்கார்ந்து இணையத்தில் தேடினான். இல்லாத வாசனை வந்தால் என்னவாக இருக்கலாம் என்று போட்டிருந்ததில், மூளை என்ற சொல் வந்த மூன்றாவது வரியோடு மூடிவிட்டான். அவன் ஹெச்-ஒன்-பி வேலை விசாவில் இருந்தான். க்ரீன் கார்டு இன்னும் வரவில்லை. வேலை போனால் அறுபது நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். தான் ஒரு நோயாளி என்று எங்கேயாவது பதிவானால் அதன் பிறகு என்னென்ன நடக்கும் என்று ஒன்றன்பின் ஒன்றாக யோசித்து, கடைசியில் யாருக்கும் தெரியாமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்தான். பிறகு அவன் வெகுநாள் வருந்தியது இந்த ஒரு முடிவுக்காகத்தான்.

சனிக்கிழமை காலை மகள் இனாயாவை ஃப்ரீமான்ட்டில் நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போனான். ஒன்பது வயது. பின் சீட்டில் உட்கார்ந்து பள்ளியில் வளர்க்கும் ஆமையைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். சுனோல் மலைகளுக்கு நடுவே ஃப்ரீவே வளைந்து இறங்கும் இடம். வலப்பக்கம் ஒரு ட்ரக், அறுபத்தைந்து மைல் வேகம். அப்போது அது வந்தது.

மரம் வந்துவிட்டது. பச்சை வருவதற்குள் ஓரத்துக்குப் போயாக வேண்டும் என்று அவனுக்குப் புரிந்தது. எத்தனை விநாடி இருக்கிறது என்று தெரியாது. ட்ரக்கை முன்னால் விட்டான். சிக்னலைப் போட்டான். ஒரு லேன் மாறினான், பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள், இன்னொரு லேன். மகள் ஏதோ கேட்டாள். அவள் குரல் ஒரு குழாயின் மறுமுனையிலிருந்து வந்தது. சாலையோரச் சரளைக்கல் டயருக்கடியில் நொறுங்கும் சத்தம் கேட்டது. கியரைப் பார்க்கில் போட்டதாக நினைவு.

மறுபடி அவனுக்குத் தெரிந்தபோது கார் நின்றிருந்தது. சீட் பெல்ட்டின் ஓரத்தை அவன் விரல்கள் பிய்த்துக்கொண்டிருந்தன. இனாயா முன்னால் எக்கி அவன் தோளைப் பிடித்திருந்தாள். அவளுடைய இன்னொரு கையில் அவனுடைய ஃபோன். அதில் மஹாவின் குரல்.

"அத்தா, யூ ஸ்டாப்ட் டாக்கிங். நான் கூப்பிட்டேன், கூப்பிட்டேன்," என்றாள் குழந்தை. அவள் தமிழில் பேசியதே அவனை அதிகம் பயமுறுத்தியது. பயந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

மஹா ஃபோனில் கத்தவில்லை. சாவியைக் கழற்றிக் குழந்தையிடம் கொடுக்கச் சொன்னாள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டதாகவும் அதுவரை இருவரும் காரைவிட்டு இறங்கக் கூடாது என்றும் சொன்னாள்.

மருத்துவமனையில் எல்லாவற்றையும் சொன்னான். மஹா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா?"

"மூணு வாரம்."

"மூணு வாரமா அவள வச்சு ட்ரைவ் பண்ணிருக்கீங்க."

அவள் எழுந்து போய் மூடியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

எம்.ஆர்.ஐ.யில் வலது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே நெல்லிக்காய் அளவில் ஒரு ரத்தக்குழாய் முடிச்சு தெரிந்தது. அது லேசாகக் கசியும்போதெல்லாம் மூளையின் அந்த மூலையில் வலிப்பு கிளம்புகிறது என்று டாக்டர் விளக்கினார். வாசனையும் பயமும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருப்பவை, அதனால் சேர்ந்தே வருகின்றன என்றார். ஜின்னும் இல்லை, சென்ட்டும் இல்லை. புட்டியைத் தூக்கிப் போட்டதை அவன் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சிலர் வீட்டையே மாற்றியிருக்கிறார்கள் என்றார்.

கலிஃபோர்னியாவில் இதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். லைசென்ஸ் போயிற்று. வேலை போகவில்லை. மேனேஜர் வீட்டிலிருந்தே பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். இதற்காகவா மூன்று வாரம் மறைத்தோம் என்று அவனுக்குக் கூசியது.

ஜூனில் அறுவைச் சிகிச்சை. அன்று காலை தலையின் ஒரு பக்கத்தைச் சிரைத்த பிறகு, இதை எடுக்கும்போது வேறு எதையாவது சேர்த்து எடுத்துவிட்டால் என்று மஹாவிடம் கேட்டான். உங்கள் பெயரை நீங்கள் மறந்தாலும் எனக்குத் தெரியும் என்றாள் அவள். அவனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிப்போகும்வரை கையை விடவில்லை. நான்கு மணி நேரத்தில் முடிந்தது. முடிச்சு முழுவதும் வந்துவிட்டது.

ஒரு வலிப்பும் இல்லாமல் ஆறு மாதம் கழிந்து, ஜனவரியில் லைசென்ஸ் திரும்பி வந்தது. பக்கத்தில் மஹாவை வைத்துக்கொண்டு மெதுவான தெருக்களில் ஓட்டிப் பழகினான். இனாயா மட்டும் அவன் ஓட்டினால் வர மறுத்தாள். அம்மா வரட்டும் என்பாள், அல்லது வயிறு வலிக்கிறது என்பாள். அவன் வற்புறுத்தவில்லை. அவளுக்கு வந்த பயத்தை எந்த டாக்டரும் வெட்டி எடுக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மஹாவுக்குக் காய்ச்சல். நீச்சல் பையைத் தூக்கிக்கொண்டு இனாயா தானாகவே காருக்கு வந்து பின் சீட்டில் ஏறினாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"பயமா இருக்காம்மா?"

"எ லிட்டில்."

"எனக்கும் இருக்கு. வேணாம்னா போக வேணாம்."

அவள் யோசித்தாள். "நீங்க பேசிட்டே வாங்க. டோன்ட் ஸ்டாப். ஃப்ரீமான்ட் வரைக்கும்."

என்ன பேசுவது என்று கேட்டான். எதுவானாலும் சரி என்றாள். அவன் தெருவின் பெயரிலிருந்து தொடங்கினான். முன்னால் போகிற வண்டியின் நிறம், நேற்றுச் செய்த குழம்பில் உப்பு குறைந்தது, அலுவலகத்தில் கதிர் வாங்கியிருக்கிற புது சைக்கிள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே ஃப்ரீவேயில் ஏறினான். மலைகளுக்கு நடுவே அந்த வளைவு வந்தது. அவன் பேச்சை நிறுத்தவில்லை.