இரண்டு நாயும் சாகக் கூடாது

கிணற்றடியில் மீரான் கை கழுவிக்கொண்டிருந்தான். கழுவிய விதம்தான் அவன் மனைவி ஷரீபாவை நிற்க வைத்தது.

தண்ணீரை ஊற்றினான். குனிந்து மண்ணை அள்ளித் தேய்த்தான். மறுபடி தண்ணீர். மறுபடி. ஷரீபா கொல்லைக் கதவைப் பிடித்தபடி எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு.

நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணால். அந்த வீட்டில் அது தெரியாதவர் இல்லை. ஆனால் வெறும் எச்சில் பட்ட கையை யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு கழுவுவதில்லை.

"என்ன மச்சான், நாய் நக்கிடுச்சா?"

"ஆமா புள்ள. லேசா."

"நாக்கா, பல்லா?"

மீரான் கையைக் கைலியில் துடைப்பதுபோல் மறைக்கப் பார்த்தான். அவள் வந்து பிடித்துத் திருப்பினாள். வலது உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்குக் கீழே, இரண்டு குழி. அப்பியிருந்த மண்ணை நனைத்துக்கொண்டு ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"எந்த நாய்?"

"ரெண்டுல ஒண்ணு" என்றான்.

கடலூர் முதுநகரில் மீரானுக்கு முந்திரி உடைக்கும் கொட்டகை இருந்தது. வீட்டுக் கொல்லையிலேயே கொட்டகை. அதற்குக் காவல் கறுப்பன் என்ற நாய். ஆறு வருஷமாக அடுப்படி வாசலுக்கு வெளியே, சாம்பல் குழியை ஒட்டிய வெதுவெதுப்பான இடம் அவனுடையது. வீட்டுக்குள் அவன் வந்ததில்லை; ஷரீபா அவனை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. தட்டை வைப்பாள், நகர்ந்துகொள்வாள். இருவருக்கும் அது போதுமாயிருந்தது.

ஜூலி வந்து எட்டு நாள்தான் ஆகிறது. சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நண்பர் தட்சிணாமூர்த்தியின் நாய். அவர் மனைவிக்கு மதராஸில் ஆபரேஷன். "ஒரு மாசம் வெச்சிரு மீரான். உன்னை விட்டா எனக்கு யாரு?" என்று பஸ்ஸில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். கறுப்பன் அன்று முதல் உறுமிக்கொண்டிருந்தான்.

"அதான், ரெண்டையும் ஒண்ணாக்கிடலாம்னு பாத்தேன்" என்றான் மீரான். "நம்ம விருந்துல நாலு பேரு ஒரே சஹன் தட்டுல கை போட்டுத் தின்னா, சண்டைக்காரனும் சேந்துக்கிறான்ல? ஒரு பழைய தாம்பாளத்துல எலும்பைப் போட்டு ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சேன்."

"அல்லாவே! நாய்ங்களுக்கு சஹன் வெச்சீங்களா?"

"அதுங்க தாம்பாளத்தைப் பாக்கல, ஒண்ணை ஒண்ணு பாத்துச்சுங்க. உருண்டுச்சுங்க. விலக்கலாம்னு கையை விட்டேன். எது கவ்வுச்சுன்னே தெரியல புள்ள."

மறுநாள் காலை, மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி. டாக்டர் காயத்தை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நிமிர்ந்தார்.

"தொப்புளைச் சுத்தி ஊசி. இன்னைக்கே ஆரம்பிக்கணும். பதினாலு நாள்."

மீரானின் முகம் வெளுத்தது. "பதினாலா? அந்த ஊசி போட்டு ஒருத்தனுக்குக் கால் விழுந்துடுச்சுன்னு பண்ருட்டி மண்டியில சொன்னாங்க சார்."

"ஊசி போடாம செத்தவனைப் பத்தி மண்டியில சொல்லலியா?"

ஷரீபா முக்காட்டுக்குள்ளிருந்து கேட்டாள். "நாய்க்கு வெறி இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும் டாக்டர்?"

"கட்டிப்போட்டுப் பாருங்க. கடிச்ச நாளிலேருந்து பத்து நாள் அது நல்லபடியா உயிரோட இருந்துட்டா பயமில்லை, ஊசியை நிறுத்திக்கலாம். நடுவுல செத்துட்டாலோ, ஓடிப்போயிட்டாலோ, யாராவது அடிச்சுக் கொன்னுட்டாலோ ஒண்ணும் சொல்ல முடியாது. எது கடிச்சுதுன்னு தெரியலைன்னா ரெண்டு நாயும் சாகக் கூடாது. வெறி வந்தா தீனி எடுக்காது, மூலையில ஒடுங்கும், குரல் மாறும். மனுஷனுக்கு வந்தா தண்ணி இறங்காது." டாக்டர் நிறுத்தினார். "அதுக்கப்புறம் என்கிட்ட மருந்து கிடையாது."

"நாய் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு. பாத்துட்டு வர்றேன் சார்" என்று மீரான் எழுந்துவிட்டான். டாக்டர் கூப்பிடக் கூப்பிட நடந்தான். ஷரீபா பின்னால் ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை கடித்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரை எண்ண வேண்டும்.

*

மீரான் ஆளுக்கொரு மூலையில் நாய்களைச் சங்கிலியில் கட்டினான். ஜூலியை அடுப்படி வாசல் பக்கம், கறுப்பனைக் கொட்டகைக்குப் பின்னால். மறுநாளே முந்திரிக்கொட்டை வாங்கப் பண்ருட்டிக்குப் போய்விட்டான். போனது கொட்டைக்காக இல்லை, ஊசிக்குப் பயந்து என்பது ஷரீபாவுக்குத் தெரியும்.

நாய்களோடு அவள் தனியாக இருந்தாள். அரிசி கிடைக்காத வருஷம். ரேஷனில் போட்ட மைலோ சோளத்தைக் கஞ்சியாக்கி, மீன் தலையைப் போட்டு இரண்டு தட்டில் ஊற்றினாள். நீளக் கழியால் தட்டைத் தள்ளிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முதலில் ஜூலிக்கு; என்ன இருந்தாலும் வந்த விருந்தாளி. அப்புறம் கறுப்பனுக்கு.

தின்கிறதா? தின்கிறது. தண்ணீர் குடிக்கிறதா? குடிக்கிறது. அப்போதுதான் அவளால் மூச்சுவிட முடிந்தது.

சனிக்கிழமை காலை கறுப்பன் தட்டைத் தொடவில்லை.

மத்தியானமும் தொடவில்லை. கஞ்சியில் ஈ மொய்த்தது. அவன் சுவரைப் பார்த்தபடி சுருண்டு கிடந்தான். அவள் கழியால் தட்டைத் தட்டினாள். தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டான். குரைப்பு இல்லை. கரகரவென்று, தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட சத்தம்.

மூலையில் ஒடுங்கும். தீனி எடுக்காது. குரல் மாறும்.

கழி அவள் கையிலிருந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சவரியம்மாள் வந்தாள். கொட்டகையில் பருப்பு உடைப்பவள், பக்கத்துத் தெரு. கறுப்பனை எட்ட நின்று பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அம்மா, இது நல்லாயில்லம்மா. நாளைக்குக் கொட்டகைக்கு ஒருத்தியும் வர மாட்டாளுங்க. தெருவுல எல்லாம் பேசிக்கிறாங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு நாலு பேர் உள்ளே வந்தார்கள். கையில் உலக்கை, கடப்பாரை.

"பாய் ஊட்டம்மா, நீங்க உள்ள போங்க. ஒரே அடி, வேலை முடிஞ்சிரும். புள்ளைங்க நடமாடுற தெரு."

ஷரீபா கறுப்பனுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றாள். சங்கிலி எட்டும் தூரத்துக்குள் நிற்கிறோம் என்பது நின்ற பிறகுதான் உறைத்தது. முதுகுக்குப் பின்னால் அந்தக் கரகரப்பு.

"அடிச்சுட்டா என் புருஷன் பொழைப்பாரா மாட்டாரான்னு யாரு எனக்குச் சொல்லுவா? நீங்க சொல்லுவீங்களா? வெள்ளிக்கிழமை வரைக்கும் இது உயிரோட இருக்கணும். அப்புறம் உங்க இஷ்டம். இப்ப வேணும்னா முதல்ல என்னை அடிங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வேலி தாண்டுச்சுன்னா கேக்க மாட்டோம்" என்று கடப்பாரைக்காரன் சொன்னான். போனார்கள்.

சவரியம்மாள் அவளை இழுத்து இப்பால் விட்டாள். "உங்களுக்கு நெஞ்சு அழுத்தம் ஜாஸ்திதாம்மா."

"நாளைக்கு என்கூட சிதம்பரம் வர்றியா சவரியம்மா? ஜூலி அங்க எப்படி இருந்துச்சுன்னு விசாரிக்கணும்."

*

திங்கட்கிழமை முதல் பஸ். சிதம்பரத்தில் இறங்கி மேல வீதிக்குள் போனார்கள். சைக்கிள் கடை பூட்டியிருந்தது. எதிர்ச்சாரியில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் சவரியம்மாள் போய் உட்கார்ந்தாள். பெயர் மலர்க்கொடி என்றாள்.

"கடைக்காரரா? மதராஸ்லதான் இருக்காரு. பாவம், அந்தம்மாவுக்கு வயித்துல கட்டி."

"அவரு நாய் ஒண்ணு இருந்துச்சே?"

"ஜூலியா? தங்கமான நாய். நல்லவேளை ஊருக்கு அனுப்பிட்டாரு. இங்க ஒரே ரகளை. வெறிநாய் ஒண்ணு வந்து ரெண்டு ஆட்டைக் கடிச்சு, கடைக்காரரு வாசல்ல இருந்த தெரு நாய்ங்களையெல்லாம் புரட்டி எடுத்துருச்சு. குளத்துப் பக்கம் அடிச்சுக் கொன்னாங்க."

ஷரீபா முன்னால் வந்தாள். "எப்ப?"

"மாசி பொறந்த வாரம். ஜூலி போறதுக்கு முன்னாடிதான்."

"அன்னைக்கு ஜூலி எங்க இருந்துச்சு? உள்ளயா, வெளியவா?"

மலர்க்கொடியின் விரல்கள் நாரில் நின்றன. "யாரு பாத்தா? நாங்க எல்லாம் கதவைச் சாத்திக்கிட்டு இருந்தோம்."

மத்தியானம் ஷரீபா வீடு திரும்பியபோது மீரான் பண்ருட்டியிலிருந்து வந்திருந்தான். அவள் உட்காரக்கூட இல்லை. கேட்டதை ஒரே மூச்சில் சொன்னாள். மறுநாள் விடியற்காலையில் அவனாகவே சட்டையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

"ஆறு நாளைக் கெடுத்துட்டீங்களே" என்றார் டாக்டர். ஊசியை ஏற்றினார்.

அன்று சாயங்காலம் ஷரீபா டீ கொண்டுவந்து கொடுத்தாள். மீரான் ஒரு வாய் உறிஞ்சினான். விழுங்கவில்லை. கண் பிதுங்கியது. டீ மூக்கால் வந்தது. கிளாஸ் தரையில் உருண்டது.

"மச்சான்!"

"இறங்கல புள்ள." கழுத்தைப் பிடித்துக்கொண்டான். "இங்க நிக்கிது. இறங்கல."

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் அதை வெறித்துப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறானா, பயப்படுவோமோ என்று பயப்படுகிறானா? கண்ணை மூடிக்கொண்டு மடக்கென்று ஊற்றினான். இருமினான். பாதி இறங்கியது. பாதி சட்டையில்.

"பயத்துல தொண்டை அடைச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றாள் ஷரீபா. தன் குரலை அவளே நம்பவில்லை.

*

புதன்கிழமை காலை. கறுப்பன் தின்று நான்கு நாள் முழுசாக ஆகிவிட்டது. விலா எலும்பு தெரிந்தது. இவன் இன்று செத்தால் எல்லாம் முடிந்தது.

ஷரீபா வழக்கம்போல ஜூலிக்கு முதலில் தட்டைத் தள்ளினாள். அப்போதுதான் தற்செயலாகக் கறுப்பன் பக்கம் திரும்பினாள். கொட்டகைத் தூணுக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்தில் இரண்டு கண். சுவரைப் பார்க்கவில்லை அவன். தட்டைப் பார்த்தான். பிறகு தட்டு இருந்த இடத்தைப் பார்த்தான். சாம்பல் குழி. அடுப்படி வாசல். ஆறு வருஷமாக அவனுடையதாக இருந்த இடம்.

"சவரியம்மா, இங்க வா. இவனுக்கு இருக்கிறது நோயா, ரோஷமா?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்?"

"வந்தவளுக்கு இவன் இடத்தைக் குடுத்துட்டோம். சோறும் அவளுக்குத்தான் முதல்ல. இவனைப் பின்னால கொண்டுபோய்த் தள்ளிட்டோம். என் வீட்டுல ஒருத்தி வந்து என் அடுப்பைப் புடுங்கிக்கிட்டா, நான் தின்பேனா?"

சவரியம்மாள் ஜூலியைச் சங்கிலியோடு வேலிக்கு அப்பால், கொட்டை காய வைக்கும் களத்துக்கு இழுத்துப்போனாள். கண்ணுக்கு மறைவாக. இனி கறுப்பனைக் கொண்டுவர வேண்டும். அவனை அவிழ்க்க மீரானை அனுப்ப ஷரீபாவுக்கு மனமில்லை. இன்னொரு பல் அந்தக் கையில் படக் கூடாது.

கைகளில் சாக்கைச் சுற்றிக்கொண்டாள். ஓர் அடி. இன்னோர் அடி. கறுப்பன் உதட்டைச் சுருக்கினான். பல் தெரிந்தது. எச்சில் நூலாகத் தொங்கியது. வெறியா, பசியா? அவள் ஓத வந்ததெல்லாம் பாதியில் நின்றது. கொக்கி இரண்டு தடவை நழுவியது. அவன் மூச்சு அவள் மணிக்கட்டில் சுட்டது.

மூன்றாம் தடவை கழன்றது.

அவன் பாயவில்லை. எழுந்தான், தள்ளாடினான், அவளையும் இழுத்துக்கொண்டு நேராகச் சாம்பல் குழிக்குப் போனான். மோந்தான். ஒரு சுற்றுச் சுற்றினான். ஜூலி படுத்திருந்த இடத்தில் காலைத் தூக்கினான். அப்புறம் உட்கார்ந்து அவளைப் பார்த்தான்.

ஷரீபா தட்டை வைத்தாள். கழியால் இல்லை, கையால்.

அவன் தட்டைப் பார்த்தான். வேலியைப் பார்த்தான். மறுபடி தட்டை. ஒரு நிமிஷம் ஆனதோ, ஒரு மணி ஆனதோ.

முதல் வாய்.

பிறகு தட்டு தரையில் உரசிக்கொண்டு நகரும் அளவுக்கு நக்கினான். தண்ணீரைக் குடித்தான், சட்டி காலியாகும் வரை. அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மீரான் முகத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டான்.

அன்றிலிருந்து கறுப்பனுக்கு முதல் தட்டு. அவன் தின்று முடித்துப் படுத்த பிறகுதான் களத்தில் ஜூலிக்கு. வியாழக்கிழமை வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. உறுமல் வந்தது. ஆனால் எழுந்திருக்க இருவருக்கும் மனமில்லை.

கறுப்பனுக்கு வெறி இல்லை. ஆனால் ஜூலி?

வெள்ளிக்கிழமை காலை களத்திலிருந்து சத்தமே வரவில்லை. ஷரீபா படலில் கை வைத்தபடி நின்றாள். திறக்க முடியவில்லை. பத்தாம் நாள். இந்தப் படலுக்கு அப்பால் ஒரு நாய் செத்துக் கிடந்தால் என்ன செய்வது? பின்னால் மீரான் வந்து நிற்பது தெரிந்தது. அவனும் திறக்கவில்லை.

"ஜூலி" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. "ஜூலி!"

அப்பால் சங்கிலி புரண்டது. படலுக்கு அடியில் ஈர மூக்கு ஒன்று நுழைந்தது. கொட்டாவி விட்டது.

*

"ரெண்டும் நல்லாயிருக்கா? தின்னுச்சா? நல்லா பாத்தீங்களா?" டாக்டர் மூன்று தடவை கேட்டார். பிறகு சீட்டில் கோடு போட்டார். "அப்ப ஊசி போதும். மூணோட முடிஞ்சது. இவருக்கு பயமில்லை. அந்தச் சிதம்பரத்து நாயை மட்டும் இன்னும் மூணு மாசம் கட்டியே வெச்சுப் பாருங்க. அந்த வெறிநாய் அதைக் கடிச்சிருக்கான்னு நமக்குத் தெரியாது. பக்கத்துல போறவங்க ஜாக்கிரதை."

"இருக்கட்டும் டாக்டர். கட்டி வெச்சுக்கறோம்" என்றாள் ஷரீபா.

வெளியே வந்ததும் மீரான் எதிர்க்கடையில் டீ வாங்கி நின்றபடியே குடித்தான். இறங்கியது. இன்னொன்று வாங்கினான். அதுவும் இறங்கியது. சிரித்துக்கொண்டே திரும்பினான்.

ஷரீபா ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டும் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள். நிற்கவில்லை.

"என்ன புள்ள? எல்லாம் சரியாப் போச்சே. எந்திரி, ஜும்மாவுக்கு நேரமாச்சு. முதுநகர் பஸ்ஸு நிக்குது பாரு."

"கால் வரல மச்சான்."

கண்டக்டர் விசில் கொடுத்தான். மீரான் பஸ்ஸைப் பார்த்தான். பிறகு படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை அவள் முழங்கால் மேல் வைத்து அழுத்திக்கொண்டான். அந்தக் கையும் சேர்ந்து ஆடியது. பஸ் போய்விட்டது.