வயலுக்குக் கீழே களப்பு

தொண்ணூற்றைந்து பங்குனி. கிழக்கிலங்கையில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மாவடிப்பள்ளியில் வெள்ளாமை வெட்டி முடிந்த வயலொன்றில் சுபியான் அகழாய்வுக் கிடங்கு வெட்டினான். சாய்ந்தமருதுக்காரன், பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பிப்பவன். இந்த வயல்வெளி ஒரு காலத்தில் களப்பாக, கடல்நீர் புகுந்து தேங்கும் ஏரியாக, இருந்தது என்று அவன் நம்பினான்.

நம்பியது சரிதான். உழவு மண்ணுக்குக் கீழே கறுத்த சேறு, சேற்றுக்குள் மட்டிச் சிப்பிகள். கிடங்கின் மற்றக் கரையில், களப்போரத்து மணலில், ஒரு எலும்புக்கூடு. தலைமாட்டில் கறுப்பும் சிவப்புமாய் ஒரு சட்டி.

எலும்பு வந்த கதை பக்கத்து ஊரான காரைதீவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை அன்னப்பிள்ளை வந்தார். அவருடைய மகன் பவிதரன் தொண்ணூறாம் ஆண்டு வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவன். திரும்பவில்லை.

"பல்ல ஒருக்காப் பாக்கணும் தம்பி. அவனுக்கு முன்பல்லு உடைஞ்சிரிக்கும்."

சுபியான் அவர் கையைப் பிடித்துக் கிடங்குக்குள் இறக்கிவிட்டான். பற்கள் உடையாமல், தேய்ந்து போயிருந்தன.

"இது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின ஆள், அம்மா. வயசான மனிசன்."

"இந்தச் சட்டி?"

"அடக்கினவங்க சாப்பாடு வெச்சிரிக்காங்க."

"குடுத்து வெச்ச மனிசன்" என்றார் அவர்.

அதே தொண்ணூறாம் ஆண்டுதான் சுபியானின் அண்ணனும், அவன் காக்கா என்று கூப்பிடுகிறவர், மௌத்தானார். ஆனால் போய் நின்று துஆக் கேட்க ஒரு கபுறாவது, அடக்கிய குழியாவது, அவனுக்கு இருந்தது.

பவிதரனின் மண்வெட்டி கிடந்த இடத்தை அன்னப்பிள்ளை காட்டினார், வாய்க்கால் வளைவில். அங்கே தோண்ட சுபியானுக்கு அனுமதியில்லை. ஆனாலும் மண் எடுக்கும் துளைகருவியைத் தூக்கிக்கொண்டு போனான். துளைத்த இடமெல்லாம் சேறும் சிப்பியுமே வந்தன. ஒவ்வொரு மண்கட்டியையும் அவர் விரலால் உடைத்துப் பார்த்தார்.

பொழுது சாயும் நேரம், "காணும் தம்பி, இனி வேணாம்" என்றார். "எந்தக் காலத்துத் தண்ணியையோ கண்டுபுடிக்கிறீங்க. என்ட புள்ளயத்தான் காணல்ல."

சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கியது. ஆய்வை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். எலும்புகளைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோக வேண்டியது சுபியானின் வேலை. அன்னப்பிள்ளை வரம்பில் நின்றார்.

"அவரையும் கொண்டு போறீங்களா?"

அவன் பெட்டியை மூடினான். வெறும் பெட்டி. எலும்புகளையும் சட்டியையும் இருந்த இடத்திலேயே விட்டு, மண்ணைத் தள்ளத் தொடங்கினான். அவர் இறங்கி வந்து இரண்டு கையாலும் மண் அள்ளிப் போட்டார். அப்போதுதான், அத்தனை வருடத்துக்குப் பிறகு, வாய்விட்டு அழுதார்.