சவரியம்மாள் ஊசியை எடுக்காத நாள்

மரக்காணத்தில் சவரியம்மாள் நர்ஸ் முதுகில் மயக்க ஊசி போட்டால், நோயாளிக்கு மட்டுமல்ல, அவன் படுத்திருக்கும் கட்டிலுக்கும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். பதினோரு வருடம் அப்படித்தான் போட்டாள். சட்டப்படி அதை நர்ஸ் போடக் கூடாது, டாக்டர்தான் போட வேண்டும். அதனால் இவள் போடுவாள். தானே போட்டதாக டாக்டர் தட்சணாமூர்த்தி கையெழுத்துப் போடுவார். அவருடைய சொந்த ஆஸ்பத்திரி, யார் கேட்பது.

2005இல் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். அன்றைக்குச் சவரியம்மாள் லீவு. டாக்டரே ஊசி போட்டார். மரத்துவிட்டதா என்று பார்க்க என் உள்ளங்காலில் குண்டூசியால் குத்தினார்.

"தெரியுதா இருசப்பா?"

"இல்லீங்க."

உண்மையைத்தான் சொன்னேன். முப்பது வருடம் உப்புப் பாத்தி மிதித்த கால். ஆணி ஏறினால்கூட அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சவரியம்மாள் உப்பளத்து ஆட்களுக்குக் காலைத் தொடவே மாட்டாள், வயிற்றில் கிள்ளிப் பார்ப்பாள். டாக்டர் கத்தியை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் பிரம்மதேசம் கோயில் மணி தானாக ஆடியது. பூசாரியே சொன்னார்.

விழுப்புரத்திலிருந்து விசாரணை வந்தது. அன்றைக்கு எனக்கு ஊசி போட்டது நர்ஸ்தான், அதுவும் தனக்குத் தெரியாமல், சட்டத்தை மீறி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவளுக்கு வேலை போனது. நர்ஸ் பதிவையே ரத்து செய்யப்போவதாக நோட்டீஸும் வந்தது. நான் போய் நடந்ததைச் சொன்னேன். மயக்கத்தில் உளறியது என்று எழுதிக்கொண்டார்கள். மயக்கம்தான் வரவேயில்லையே என்றேன். அதை எழுதவில்லை.

இரண்டே மாதத்தில் டாக்டருக்கு உட்காரும் இடத்தில் தேங்காய் அளவு கட்டி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனால், தன்னோடு படித்தவர்கள் சிரிப்பார்களாம். கீறிவிட ஒரு நண்பரை இங்கேயே வரவழைத்தார். நண்பருக்குக் கத்தி வரும், முதுகு ஊசி வராது. சவரியம்மாளுக்கு ஆள் போயிற்று. அவள் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"நீதாம்மா போடணும்."

"அன்னிக்கி இருசப்பனுக்கு ஊசி போட்டது நீங்கன்னு எழுதிக் குடுங்க சார்."

குப்புறப் படுத்தபடியே எழுதினார். நண்பர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவள் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். டாக்டர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார்.

"சட்டைய எறக்குங்க சார். நர்ஸ் ஊசி போடக் கூடாது. சட்டம்."

"பதினோரு வருஷம் போட்டியேம்மா."

"நானா? எல்லாத்துலயும் கையெழுத்து ஒங்களுதாச்சே."

வேறு வழியில்லை, பாண்டிச்சேரிதான். காரில் அவரால் உட்கார முடியாது. குப்புறப் படுக்கத் தோதாக என் மச்சானின் உப்பு லாரி இருந்தது. மூட்டைகளின் மேல் அவரைக் கிடத்தினோம். தாளோடு விழுப்புரம் பஸ் ஏறும் முன் சவரியம்மாள் மச்சானிடம் சொன்னாள்: "ஏம்பா, வேகத்தடை ஒண்ணுகூட உட்டுறாத."

துணைக்கு நான் ஏறிக்கொண்டேன். கூனிமேடு தாண்டியதும் சட்டைப் பையிலிருந்து குண்டூசியை எடுத்து அவர் உள்ளங்காலில் லேசாகக் குத்தினேன்.

"தெரியுதுங்களா டாக்டர்?"

தெரிந்தது. இரும்பை கோயில் வரைக்கும் கேட்டதாம்.