கெஜட்டுக்குக் கட்டுப்பட்ட ஆறு

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஆதிகங்கை காளிகாட்டின் படித்துறைச் சந்துக்குள் நுழைந்து, ஒவ்வொரு வீடாகப் படியேறி, கூடத்தைக் கடந்து சமையலறை வரை போய்ப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போகும். சாத்திய கதவை அது பொருட்படுத்தியதில்லை. அலிப்பூர் கோர்ட்டு வக்கீல் பட்டாபிராமன் அந்தச் சந்தின் கடைசி வீட்டை வாங்கியபோது யாரும் இதை மறைக்கவில்லை. வீடு தேடிக் கங்கை வரும் என்று தரகர் அதை ஒரு வசதியாகவே சொன்னார். மாயவரத்தில் காவேரிக் கரையில் வளர்ந்த பட்டாபிராமனும் மகிழ்ந்துபோனார். அவர் மனைவி ஜலஜாவின் மகிழ்ச்சி முதல் அமாவாசையோடு முடிந்தது. தண்ணீர் வடிந்தபின் அவளுடைய அடுப்புக்குள் நான்கைந்து டெங்ரா மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அன்று தர்ப்பணச் சமையல். சந்துக்கே சித்தியான பக்கத்து வீட்டு கிரிபாலா மாஷி கூடையோடு வந்து அள்ளிக்கொண்டு, வங்காளி வழக்கப்படி ஜலஜாவை அண்ணி முறை வைத்து, "அழாதீங்க பௌதி, மா கங்கையே மீனை வீட்டில் கொண்டுவந்து தரா, இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்றாள்.

பட்டாபிராமன் வாசலில் செங்கல் சுவர் எழுப்பினார்; ஆறு ஜன்னல் வழியாக வந்தது. "ஏன்னா, யார் யாருக்கோ தடை உத்தரவு வாங்கித் தரேள், இந்தக் கங்கைக்கு ஒண்ணு வாங்கப்படாதா?" என்று ஜலஜா கேட்டதால் அதையும் வாங்கி வாசலில் ஒட்டினார், ஆறு அதை நனைத்துக் கரைத்துவிட்டு உள்ளே போயிற்று. ஆனால் எதையும் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மனிதர் அவர். வடக்குத் துறையில் நடந்த ஒன்று அவர் கண்ணில் பட்டது. இருட்டியபின் அங்கே படகுகள் நிற்கக் கூடாது என்று அரசாங்க கெஜட்டில் வந்த நாளிலிருந்து, இருட்டியதும் தண்ணீரே அந்தத் துறையை விட்டு விலகி நின்றது. வெறும் சேற்றில் எந்தப் படகு நிற்கும்? ஆறு கோர்ட்டை மதிப்பதில்லை, கெஜட்டை மதிக்கிறது. கெஜட்டில் ஒரு சட்டம் வர வேண்டுமானால் அது சட்டசபையில் மசோதாவாக நுழைந்து, குழுவில் அலசப்பட்டு, ஓட்டில் தேறி, கவர்னரின் கையெழுத்து பெற வேண்டும். மசோதா கொண்டுவருபவர் உறுப்பினராக இருக்க வேண்டும். உறுப்பினராவதற்கு முனிசிபல் வரி ஓரளவுக்கு மேல் கட்டுபவராக இருக்க வேண்டும். அவர் வீட்டு வரி அந்த அளவை எட்டவில்லை. குடியிருப்பை விட அலுவலகத்துக்கு வரி அதிகம் என்பதால், முன்கூடத்தில் இரண்டு பெஞ்சும் ஒரு மேஜையும் போட்டு, முழு வீட்டையும் முனிசிபாலிடியில் அலுவலகம் என்று மாற்றிப் பதிந்துகொண்டார். வக்கீல் புத்தி அது. அன்றைக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

தேர்தல் 1920 கடைசியில் வந்தது. பெரிய கட்சிக்காரர்கள் அதைப் புறக்கணித்ததால், அவரை எதிர்த்து நின்றவர் ஒரு படகு முதலாளி மட்டுமே. சந்துகளுக்குள் தண்ணீர் வந்தால் அந்த முதலாளியின் படகுகளும் உள்ளே வந்து கூலி வாங்கலாம். பட்டாபிராமனுக்கு வங்காளி கோர்ட்டு அளவுக்குத்தான் வரும். ஓட்டுரிமை இல்லாத ஜலஜா, ஓட்டுள்ள ஒவ்வொருவரின் வீட்டுக்கும் பின்வாசல் வழியாகப் போய், மீன்காரிகளிடம் கற்ற வங்காளியில் அந்த வீட்டுப் பெண்களோடு பேசினாள். அவர் ஜெயித்தார். மாலையோடு வீட்டுக்கு வந்தவரிடம் அவள், "மெம்பராயாச்சு. சட்டம் போட்டப்புறமும் கங்கை அடுப்புக்கு வந்துதுன்னா, மீனாக்ஷியைக் கூட்டிண்டு மெட்ராஸ் மெயில் ஏறிடுவேன். நீங்களும் கங்கையுமாச் சேர்ந்து சமைச்சுக்கோங்கோ" என்றாள். மகள் மீனாக்ஷிக்கு அப்போது ஐந்து வயது. மீனுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள்.

எந்த வீட்டுக்குள்ளும் ஆறு நுழையக் கூடாது என்பதுதான் மசோதா. சட்டம் என்பது ஒரு வாக்கியம்; அதில் 'தவிர' என்ற சொல்லுக்கு எத்தனை இடம் விடுகிறோமோ அத்தனை ஓட்டு விழும் என்பது பட்டாபிராமனுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. வயல் வீடுகள் தவிர என்று சேர்த்தார், ஜமீன்தார்கள் வந்தார்கள். கோயில் மடங்கள் தவிர என்றார், பக்தர்கள் வந்தார்கள். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஐம்பது தடவை அடுப்பு நனைந்திருந்தால் ஜலஜா நூறு என்பாள். கடைசியில் வியாபாரிகள் பெஞ்சு மட்டும் மிஞ்சியது. அலுவலகங்களோடு சேர்ந்த அவர்களுடைய கிடங்குகளுக்குள் ஆறு வந்தால்தான் படகிலிருந்து சரக்கை நேராக இறக்க முடியும். "அலுவலகமும் கிடங்கும் தவிர என்று போடுங்கள், மிஸ்டர் ஐயர். இல்லாவிட்டால் எங்கள் பெஞ்சில் ஒரு கையும் எழும்பாது" என்றார் அவர்களின் தலைவர்.

டிராமில் வரும்போது பட்டாபிராமன் கணக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தம் வீடு சட்டப்படி அலுவலகம். அதைக் குடியிருப்பாக மாற்றினால் வரி குறையும், பதவி போகும், கொண்டுவந்தவர் இல்லாத மசோதா செத்துப்போகும். சட்டம் நிறைவேறியபின் மாற்றினாலும் படகு முதலாளி அந்த நாற்காலிக்கு வந்து முதல் காரியமாகச் சட்டத்தை ரத்து செய்வார். சந்து முழுவதும் காயலாம், கடைசி வீட்டைத் தவிர. ஜலஜாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் அரிவாள்மணையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"ஓட்டு என்னிக்கு?"

"திங்கட்கிழமை."

"வரச்சே பெட்டி கட்ட நல்ல கயிறா வாங்கிண்டு வாங்கோ."

திங்கட்கிழமை அவர் எழுந்து, தம் மசோதாவில் தாமே அந்த 'தவிர'வைச் சேர்த்தார். வியாபாரிகள் பெஞ்சில் எல்லாக் கைகளும் எழும்பின. வரும் வழியில் கயிறு வாங்கினார்.

சட்டம் கெஜட்டில் வந்தபின் வந்த முதல் அமாவாசையன்று சந்து ஜனங்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஆறு வழக்கமான நேரத்துக்கு வந்தது. முதல் வீட்டுப் படியில் ஒரு கால் வைத்தது போல ஏறி, சட்டென்று இறங்கியது. கிரிபாலா மாஷி வீட்டு வாசலில் சிறிது தயங்கியது. பிறகு யாருடைய கோலத்தையும் கலைக்காமல் நேராக நடந்து கடைசி வீட்டுக்குள் போயிற்று. மாடிப்படியில் கயிறு கட்டிய பெட்டியோடும் மீனாக்ஷியோடும் ஜலஜா உட்கார்ந்திருந்தாள். முழங்கால் தண்ணீரில் கிரிபாலா மாஷி வந்தாள். கையில் கூடை இல்லை. அவள் பின்னால் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஜலஜாவின் கரியடுப்பை இரண்டு பேர் தலைக்கு மேல் தூக்கினார்கள்.

"எங்கே எடுத்துண்டு போறேள்?"

"எங்க மொட்டைமாடிக்கு. மூணு தடவை கழுவி விட்டிருக்கேன் பௌதி, மீன் வாசனை வந்தா என்னைக் கேளுங்க. அடுத்த தடவை எதிர்வீட்டு மாடி. அதுக்கடுத்தது அவங்க சண்டை போட்டு முடிவு பண்ணட்டும்."

 ஜலஜா பெட்டியின் முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "துணி உலர்த்த ஆகும்" என்றாள்.

அதன்பின் பட்டாபிராமன் எல்லாத் தேர்தலிலும் ஜெயித்தார். அமாவாசை, பௌர்ணமிகளில் அவர் மேஜை மேல் சம்மணமிட்டு மனு வாங்குவார். ஜனங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் வரிசையாக நிற்பார்கள். எந்த மாடியில் அன்றைக்கு அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டு வாசலிலிருந்து ஜலஜா காபி டம்ளரை டபராவோடு தண்ணீரில் வைத்துவிடுவாள். ஆறு அதை ஒரு சொட்டும் சிந்தாமல் சந்து வழியாகக் கொண்டுபோய் மேஜையோரம் நிறுத்தும். வெறும் டபராவைத் திரும்பக் கொண்டுவருவதும் ஆறுதான். அது கிளம்புவதற்குள் குடித்தாக வேண்டும் என்பதால், அவர் காபியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கப் பழகிக்கொண்டார்.